சஸ்பென்ஷன் புஷ்: பூணா, உறையா?

(பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

காட்பாடி: டாட்சன் 240இசட் காரின் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ் மாற்றும் செய்முறைத் தாள் திங்கட்கிழமை ஐடிஐ மாணவர் கைக்குப் போகவேண்டும். புஷ்ஷுக்குத் தமிழ் தேவை. பொருள் இதுதான்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய், நடுவே ஒட்டி வார்த்த ரப்பர்.

ஆரணி: பூண். உலக்கைப் பூண் தெரியாதவர் வடாற்காட்டில் உண்டா? காண்–காட்டு, உண்–ஊட்டு போலப் பூண்–பூட்டு. ஏர் பூட்டுவதும் நாண் பூட்டுவதும் இந்த வேர்தான். பூணூலையும் பாருங்கள்.

குடியாத்தம்: ஐயா, பூண் உலக்கைக்கு வெளியே. புஷ் ஆர்மின் துளைக்கு உள்ளே. பாலாற்று மணலில் கிணற்றுக்குள் இறக்குகிறோமே, உறை, அதுதான் பொருந்தும். கீழடியில் கிடைத்ததும் உறைகிணறுதான்.

ஆரணி: வாளுறை, தலையணை உறை எல்லாம் வெளியேதானே அம்மா?

ராணிப்பேட்டை: உறை சரி, ஆனால் வேலையும் பெயரில் தெரியட்டும். உட்குழாயை போல்ட் கவ்விக்கொள்ளும்; சக்கரம் ஏறி இறங்கும்போது முறுகுவது ரப்பர். ஆகவே முறுக்குறை. இதனால்தான் கார் ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கியபின் இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். எந்தச் சொல் வென்றாலும் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பழைய புஷ்ஷில் ரப்பரைத் துளைத்து எடுத்தாலும் வெளிக்குழாய் துருப்பிடித்து ஆர்மிலேயே நிற்கும். ஹேக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து நெடுக அறுத்து, உளியால் உள்பக்கம் மடக்கினால் வரும். ஆர்மில் வெட்டு விழக்கூடாது. புதியதை ஏற்றும்போது வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் ஒட்டு விட்டுப்போகும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும்.

ஆம்பூர்: ரப்பருக்குப் பதில் போடும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் புஷ் முறுகாதே! அது உட்குழாயின் மேல் சுழலும். சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும். அதையும் முறுக்குறை என்பீர்களா? கடையில் போய் முறுக்குறை கேட்கும் பையனுக்கு என்ன கிடைக்கும்? வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டார். புசு என்று எழுதுங்கள்.

ஆரணி: புசு என்றால் யாருக்குப் புரியும்? அதற்குப் புஷ்ஷே மேல்.

காட்பாடி: நேரமில்லை. மூவர் உறை என்கிறார்கள், என்னையும் சேர்த்து. ரப்பருக்கு முறுக்குறை, பாலியூரித்தேனுக்குச் சுழலுறை. முதல் பக்கத்தில் மட்டும் சொல்லுக்கு அருகிலேயே புஷ் என்றும் இருக்கட்டும்.

ஆரணி: பூண் என்பதை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.