பால்டர்ஸ் கேட் 3: பேச்சு முதலில், முகம் பிறகு! உதவி வேண்டும்

கானாடுகாத்தான் வில்லாளன்:

வணக்கம். ஆடிப்பெருக்கு அன்று இரவு பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் ஆட்டம் வெளியானதுமே வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் சுவர் கனம், வைஃபை முகப்பைத் தாண்டாது. வளவு ஓரமாகவே கேபிள் இழுத்து இறக்கினேன்.

தொடக்கம் அசத்திவிட்டது. கண்ணுக்குள் புழுவை விடுகிறார்கள், கப்பல் நரகத்துக்கு மேலே எரிந்துகொண்டே பறக்கிறது. அடைபட்டிருக்கும் ஷேடோஹார்ட் என்ற பெண்ணைக் காப்பாற்றலாம், விட்டுவிட்டும் போகலாம், கதை இரண்டுக்கும் வழி வைத்திருக்கிறது. இதை உருவாக்கிய லாரியன் நிறுவனத்தின் முந்தைய ஆட்டமான டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் வழியில் பார்க்கிற சாதாரண ஆள்கூட முகத்தைக் காட்டி நடிக்கிறார்.

சிக்கலும் அந்த முகத்தில்தான். கடற்கரையில் ஓரளவு சரி. ட்ரூயிட்கள் என்ற இயற்கை மந்திரவாதிகளின் தோப்புக்குள் போனதும் பேச்சு முதலில் வருகிறது, எதிரே நிற்பவரின் முகம் வழவழவென்று மொட்டையாக இருக்கிறது. தாடியும் சுருக்கமும் சில வினாடி கழித்துத்தான் வருகின்றன. அதற்குள் பாதி வசனம் போய்விடுகிறது. நடக்கும்போதும் திக்குகிறது.

என் கம்ப்யூட்டர்: ஐ5 9400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டை மாற்றத்தான் வேண்டுமா? இப்போதைக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாது.

இன்னொன்று, சண்டையில் பாதி அடி காற்றில் போகிறது. ஏதாவது பழுதா?

புதுவயல் சேகர்:

நிழல், மூடுபனி இரண்டையும் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் வரும் லாஞ்சர் திரையில், படம் வரையும் முறையாக வல்கனுக்குப் பதிலாக டைரக்ட்எக்ஸ் 11 தேர்ந்தெடுங்கள்.

கானாடுகாத்தான் வில்லாளன்:

செய்தேன். திக்கல் கொஞ்சம் குறைந்தது. முகம் அப்படியேதான்.

கோட்டையூர் அண்ணன்:

தம்பி, கார்டை விடுங்க. ஆட்டம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தோப்புக்குள் நடந்துகொண்டே டிஸ்க் எத்தனை சதவீதம், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்லுங்க.

கானாடுகாத்தான் வில்லாளன்:

டிஸ்க் 100-லேயே நிற்கிறது அண்ணே. ஜிபியு பாதிகூட ஏறவில்லை.

கோட்டையூர் அண்ணன்:

அப்போ விஷயம் தெரிஞ்சுபோச்சு. உங்கள் கார்டு வேலை இல்லாமல் காத்துக்கிடக்கிறது. தோப்பில் ஆளும் பொருளும் நெருக்கம். நீங்கள் நடக்க நடக்க அத்தனையின் படங்களையும் ஆட்டம் டிஸ்க்கிலிருந்து இழுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி இங்கும் அங்கும் நகர்ந்து துண்டு துண்டாகத் தேடி எடுக்க வேண்டும். கல்யாணப் பந்தி முழுக்க ஒரே ஆள் பரிமாறுவது மாதிரி. குரல் சின்ன கோப்பு, சீக்கிரம் வந்துவிடும். முகத்தின் படம் பெரியது, பின்னால் வரும்.

இந்த ஆட்டத்துக்குக் குறைந்தபட்சத் தேவையிலேயே 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் (ஊசி நகராத வேகமான டிஸ்க்) கேட்கிறார்கள். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும், கார்டை மாற்றுவதைவிடச் செலவு குறைவு. காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் விசாரியுங்கள். திரும்ப இறக்க வேண்டியதில்லை, ஆட்டம் வாங்கிய ஸ்டீம் செயலியின் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் ஆட்டத்தை அப்படியே புது டிஸ்க்குக்கு நகர்த்தலாம். அதுவரை வீடியோ அமைப்பில் இருக்கும் ஸ்லோ ஹெச்டிடி மோடைப் போட்டுவையுங்கள்.

ராம் 8 ஜிபி குறைந்தபட்சம், 16 பரிந்துரை. அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தேவகோட்டை ஆச்சி:

அடி தவறுவது பழுது இல்லை தம்பி. இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைப் பகடை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதி. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே 20 முகப் பகடை உருளுகிறது. பகடையில் விழுவதோடு உங்கள் போனஸைக் கூட்டினால் எதிரியின் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணை எட்ட வேண்டும். போனஸ் 5, ஆர்மர் கிளாஸ் 15 என்றால் 10-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம்தான்.

மேட்டில் ஏறி நின்று அம்பு விட்டால் 2 கூடும், 65 சதவீதம் ஆகிவிடும். கீழே நின்று மேலே விட்டால் 2 குறையும். தோப்பு வாசலில் காப்லின்கள் என்ற குட்டி அரக்கர்கள் வரும்போது முதல் திருப்பத்திலேயே ஷேடோஹார்ட் மூலம் பிளெஸ் மந்திரம் போடுங்கள். மூன்று பேருக்கு, ஒவ்வொரு அடியிலும் நான்கு முகப் பகடை ஒன்று கூடுதலாகச் சேரும். அவளை முன்னால் நிறுத்த வேண்டாம், அடி பட்டால் கவனம் கலைந்து மந்திரம் போய்விடலாம்.

பேச்சில் பகடை தோற்றாலும் உடனே பழைய சேமிப்புக்கு ஓடாதீர்கள். தோற்ற வழியிலும் இவர்கள் கதை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான்.

கானாடுகாத்தான் வில்லாளன்:

எஸ்எஸ்டி போட்டாச்சு அண்ணே. ஆள் வாயைத் திறக்கும்போதே முகம் முழுசாக இருக்கிறது. மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அமைப்பை மீடியத்துக்கு ஏற்றிவிட்டேன். ஆச்சி, மேட்டில் ஏறித்தான் வாசல் சண்டையை முடித்தேன், யாரும் சாகவில்லை. கதையின் மூன்றாம் பாகத்தில் பெரிய நகரம் வருமாமே, அங்கே தாங்குமா?

கோட்டையூர் அண்ணன்:

அங்கே கூட்டம் அதிகம், பிராசஸருக்கு வேலை ஜாஸ்தி. கொஞ்சம் திக்கும். அதற்குள் ராமை 16 ஆக்கிவிடுங்கள், கூட்டத்துக்கான டைனமிக் கிரவுட்ஸ் அமைப்பை அணைத்தும் பார்க்கலாம். கதவைத் திறக்கும் முன் எஃப்5 அழுத்திச் சேமிக்க மறக்காதீங்க.