பழைய மழை எச்சரிக்கை மேலே வந்து நிற்கிறது. குழுவை எங்கே கொண்டுபோகலாம்?

மழைக்கணக்கு (திருத்துறைப்பூண்டி பக்கம்):

வணக்கம். 2011-லிருந்து ஒரே சமூக வலைத்தளத்தில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். அதில் எங்கள் சுற்றுவட்டார மழை அளவுக்காக ஒரு குழு வைத்திருக்கிறோம். இருநூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் சம்பா போடுகிறவர்கள். மழைமானி வைத்திருக்கும் பதினோரு பேர் தினமும் காலை 8.30-க்கு அளந்து மில்லிமீட்டரில் போடுவோம். வானிலை ஆய்வு மையமும் 8.30-லிருந்து 8.30 வரைதான் கணக்கெடுக்கிறது, அதனால் ஒப்பிட வசதி. மழை வலுக்கும்போல் இருந்தால் நான் ஓர் எச்சரிக்கையும் போடுவேன்.

சேர்ந்த புதிதில், கடைசியாகப் போட்டது மேலே இருக்கும். இப்போது எது மேலே வரும் என்று போட்ட எனக்கே தெரிவதில்லை.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இப்படிப் போட்டேன்: "இன்று இரவு மழை வலுக்கும். தண்ணீர் தேங்கும் வயல்களில் மடையைத் திறந்து வையுங்கள்." பெய்தது, 71 மி.மீ. திங்களும் செவ்வாயும் நல்ல வெயில். புதன்கிழமை யாரோ ஒருவர் அந்தப் பதிவில் "நன்றி அண்ணா" என்று எழுத, அது அப்படியே உச்சிக்கு ஏறிவிட்டது. என் மச்சான் அன்று காலைதான் மேலுரம் போட்டிருந்தார், 45 கிலோ மூட்டையில் இரண்டு, யூரியா. சாயங்காலம் போனைத் திறந்தவர் கண்ணில் முதலில் பட்டது "இன்று இரவு". ஓடிப்போய் மடையைத் திறந்துவிட்டார். நிறுத்தியிருந்த தண்ணீர் உரத்தோடு வாய்க்காலுக்குப் போயிற்று. அன்று இரவு ஒரு துளி விழவில்லை.

தேதி இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில், எள்ளு மாதிரி, "3நா" என்று இருந்தது, போட்டு மூன்று நாள் ஆயிற்று என்று அர்த்தம். பதிவின் எழுத்து அதைப்போல் இரண்டு மடங்கு, கன்னங்கரேல் என்று. ஐம்பத்தெட்டு வயது ஆள், பொழுது சாய்ந்த நேரத்தில், வரப்பில் நின்று பார்த்தால் எது தெரியும்?

வரிசையை "புதியவை முதலில்" என்று மாற்ற ஓர் இடம் இருக்கிறது. மாற்றிவிட்டு வெளியே வந்து மறுபடி திறந்தால் பழையபடிதான். படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, படித்த பதிவு போன இடம் தெரியாது. இதையெல்லாம் இத்தனை வருடம் பொறுத்துப் போனேன். மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

போட்ட நேரப்படியே பதிவு வரும் இடம் எது? பழைய மழைக்கணக்கை எடுத்துக்கொண்டு வர முடியுமா?

நிரல்காரன் (சென்னை):

ஐயா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் செயலிகள் எழுதுகிற வேலையில் இருப்பவன். உங்களுக்கு நடந்தது பிழை இல்லை, அப்படி வேண்டுமென்றே செய்துவைத்திருக்கிறார்கள். ஒரு பதிவில் யார் கருத்து எழுதினாலும் அதற்கு உயிர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே தள்ளுவார்கள். எவ்வளவு பேர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பதில்தான் விளம்பர வருமானம். "நன்றி அண்ணா"வுக்கும் புதுச் செய்திக்கும் அந்தக் கணக்கில் வித்தியாசம் கிடையாது.

நேர வரிசையைக் கேட்டு நிறையப் பேர் போராடியிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் 2016-ல் அதை எடுத்துவிட்டு, 2022 மார்ச்சில் தனிப் பிரிவாகத் திரும்பக் கொடுத்தது. ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகப் பெரிய தளங்கள், பயனரின் நடத்தையைப் பார்த்து வரிசைப்படுத்தாத ஒரு வழியையாவது தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பழைய பதிவுகளுக்கு: அமைப்புகளில் "உங்கள் தகவலைப் பதிவிறக்கு" என்று இருக்கும். ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கான வடிவம்) கேட்காதீர்கள், எச்.டி.எம்.எல். (இணையப் பக்கம் மாதிரித் திறந்து படிக்கும் வடிவம்) கேளுங்கள். நான் ஜேசனில் எடுத்தபோது தமிழ் முழுக்கச் சிதைந்து, வாசிக்க முடியாத குறிகளாக வந்தது. இன்னொன்று, உங்கள் கோப்பில் நீங்கள் எழுதியது மட்டும்தான் இருக்கும். பதினோரு பேரும் அவரவர் கோப்பை எடுத்தால்தான் முழுக்கணக்கு சேரும்.

புது இடத்துக்கு டெலிகிராம் சேனல் பாருங்கள். போட்ட வரிசையிலேயே நிற்கும், பிறகு சேருகிறவர்களும் பழையதைப் படிக்கலாம்.

உப்பளத்தான் (வேதாரண்யம்):

அண்ணே, 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் எங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நாலாம் நாள் ஒரு ஜெனரேட்டரில் பத்து நிமிடம் சார்ஜ் ஏற்றி இதே மாதிரி ஒரு தளத்தைத் திறந்தேன். முதல் பதிவு: "தண்ணீர் லாரி பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறது." நானும் தங்கச்சியும் ஆளுக்கு இரண்டு குடத்தோடு, விழுந்து கிடந்த தென்னையெல்லாம் தாண்டிப் போனோம். லாரி வந்தது முந்தின நாளாம். சேற்றில் டயர்த் தடம் மட்டும் கிடந்தது. இன்றைக்கும் அந்தத் தடம் கண்ணுக்குள் நிற்கிறது.

அதிலிருந்து எங்கள் குழுவில் இன்று, நாளை என்ற சொற்களே கிடையாது. முதல் வரியில் தேதி, கிழமை, மணி. பிறகுதான் செய்தி. மழை முடிந்ததும் அந்தப் பதிவுக்குக் கருத்து எழுதும் வசதியை மூடிவிடுங்கள், யாரும் நன்றி சொல்லி மேலே ஏற்ற முடியாது. இடம் மாறினாலும் மாறாவிட்டாலும் இதை உடனே செய்யுங்கள்.

மழைக்கணக்கு:

தம்பிகளுக்கு நன்றி. கருத்தை மூடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து எச்சரிக்கைப் பதிவுகள் அத்தனையிலும் மூடிவிட்டேன். கோப்பு கேட்டிருக்கிறேன், மற்ற பத்துப் பேரிடமும் சொல்லியாயிற்று. டெலிகிராமில் சேனல் திறந்தாச்சு. மச்சானும் இன்னும் சிலரும் புதுச் செயலி வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை நாளில் நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

உப்பளத்துத் தம்பி, முதல் வரியில் கிழமையையும் போடச் சொன்னது ரொம்பச் சரி. மச்சானிடம் காட்டினேன். தேதியை அவர் கவனிக்கவில்லை, "ஞாயிறு" என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.