வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பிரைமரி வகுப்புக்கு விசுவாசம் பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வி: 6-8 வயசுப் பிள்ளைகள். விசுவாசம்னா என்னன்னு சொல்ற வேத வசனம் எபிரெயர் 11:1-ஐ மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. அர்த்தம் கேட்டா முழிக்கிறாங்க. என்ன செய்யலாம்?

பதில் 1: அந்த வயசுக்கு அது கனமான வசனம். மத்தேயு 14:22-33, பேதுரு கடல்மேல் நடந்ததை எடுங்க. நீலச் சேலையைத் தரையில் விரிச்சு ஒரு பிள்ளையை நடக்க விடுங்க. மத்தவங்க ‘உஸ்ஸ்’னு காத்தடிக்கட்டும். பேதுரு காத்தைப் பார்த்துப் பயந்து மூழ்கத் தொடங்குற 30-ஆம் வசனத்தில் நிறுத்தி, “ஏன் பயந்தார்?”னு கேளுங்க. கதை 10 நிமிஷத்துக்குள்ள முடியணும்.

பதில் 2: ஆனா அங்கேயே முடிச்சிடாதீங்க. 31-இல் இயேசு உடனே கையை நீட்டி பேதுருவைப் பிடிக்கிறார், அதையும் நடிச்சுக் காட்டணும். இல்லாட்டி விசுவாசம் குறைஞ்சதால மூழ்கினார்னு மட்டும் மனசில் நிக்கும்; ஜெபிச்சும் தாத்தா பிழைக்காத பிள்ளை தன் விசுவாசம்தான் குறைச்சல்னு எடுத்துக்கும்.

பதில் 3: கடைசி நாள் ‘இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க’னு சொல்றது வேண்டாம், ஒண்ணு தூக்கினா எல்லாம் தூக்கும். தனியா பேசுங்க. சேலை வழுக்கும், ஓரத்தில் டேப் ஒட்டிடுங்க.