புதுப்பிப்பு: மகளின் டயப்பர் புண் ஆறி வருகிறது

டயப்பர் படும் இடமெல்லாம் சிவந்து தோல் உரிந்துவிட்டது, ஜிங்க் ஆக்சைடு களிம்புக்கும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தேன். பூஞ்சையாக இருக்கலாம் என்று உங்களில் சிலர் சொன்னது சரிதான். தொடை மடிப்புக்குள்ளும் சிவப்பு, ஓரங்களில் தனித்தனிச் சிறு பருக்கள்: இவற்றைப் பார்த்ததுமே கேண்டிடா என்ற பூஞ்சையின் தொற்று என்றார் குழந்தை மருத்துவர். சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்குப் பிறகு இது வருவது உண்டாம்.

இப்போது பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் களிம்பை மெல்லியதாகத் தடவி, அதன்மேல் ஜிங்க் ஆக்சைடைத் தடிமனாகப் பூசுகிறோம். டயப்பர் மாற்றும்போது அந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுக்கக் கூடாது. அழுக்கை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். முன்பு தேய்த்துத் துடைத்ததால்தான் பிள்ளை வலியில் துடித்திருக்கிறாள். வாசனைத் துடைப்பான்களை நிறுத்திவிட்டோம். பகலில் கொஞ்ச நேரம் பருத்தித் துணிமேல் டயப்பரில்லாமல் கிடக்கிறாள், காலை உதைத்துக்கொண்டு!

பவுடர் போடச் சொன்ன அக்காமார்களே, தயவுசெய்து வேண்டாம். அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போய்விடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

காய்ச்சலோ சீழோ கொப்புளமோ வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இதுவரை இல்லை.