ஜாம் வைத்த மஃபின்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

வேளச்சேரி பேக்கர்:
பிறந்தநாள் ஆர்டர், 24 மஃபின் (பேப்பர் கப்பில் வேகிற குட்டி கேக்), உள்ளே ஸ்ட்ராபெரி ஜாம். கொடுக்க நானே போனேன். அந்த அம்மா வாசலிலேயே ஒன்றை எடுத்துப் பிட்டார். நடுவில் ஒரு பொந்து, சுற்றிலும் லேசாகச் சிவப்பு, அவ்வளவுதான். பேப்பரை உரித்தால் ஜாம் மொத்தமும் கருஞ்சிவப்பாக அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பேப்பரை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஜாம் பேப்பருக்கா வெச்சீங்க?" என்றார். பணத்தை முழுசாகவே கொடுத்துவிட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. குறைத்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

பெரம்பூர்வாசி:
உங்களுக்காவது வெந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஓடிஜி என்கிற கரண்ட் அடுப்பில் மஃபின் பாதி உப்பியிருந்த நேரம் பார்த்து மச்சான் குளிக்கப் போய் கீசரைப் போட்டார். டப்பென்று கரண்ட் ட்ரிப். டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன்: உப்பின தலை ஒவ்வொன்றாக அமுங்குகிறது, நடுவிலிருந்து அன்னாசி ஜாம் மெதுவாக மேலே வந்து நிற்கிறது. மச்சான் தலையில் சோப்போடு எட்டிப் பார்த்து, "இட்லிப் பானையில வெச்சு எடுத்துடலாமே" என்கிறார். அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

மாம்பலம் மாமா:
வேளச்சேரி சிஸ்டர், அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? எங்கள் தெரு பேக்கரி மாஸ்டர் வெந்து ஆறின பிறகுதான் ஜாம் நிரப்பிய கோனை (நுனியில் ஓட்டை போட்ட கூம்புப் பை) நடுவில் குத்தி அழுத்துவார். மேலே ஒரு துளி எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார். தராசு எதுவும் கிடையாது, அந்தத் துளிதான் கணக்கு.

வேகும்போதே உள்ளே வைத்தாக வேண்டும் என்றால் மாவு கெட்டியாக இருக்கணும். கரண்டியைச் சாய்த்தால் ஓடக்கூடாது, தொப்பென்று விழணும். ஜாம் மாவைவிட கனம். சூட்டில் இளகவும் செய்யும். மாவு இறுகுவதற்குள் அது அடிக்குப் போய்விடும். மே மாதம் சென்னை சமையலறையில் பாட்டிலிலேயே பாதி இளகித்தான் இருக்கும், அதனால் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கப்பில் பாதிக்கு மாவு, அரை டீஸ்பூன் ஜாம், மேலே மாவு. ஜாம் பேப்பரின் ஓரத்தைத் தொடவே கூடாது. முதலில் 200 டிகிரி, தலை எழும்பியதும் 180. சீக்கிரம் இறுகினால் ஜாமைத் தாங்கும். மைதாவைப் போட்டுக் கலக்கு கலக்கு என்று கலக்காதீர்கள், ரப்பராகிவிடும். தயிரும் சோடா உப்பும் சேர்ந்த மாவைக் காக்க வைக்காதீர்கள், குமிழி எல்லாம் போய்விடும். பேப்பர் கப் பாரிஸ் கார்னர் பக்கம் மொத்தமாக வாங்கினால்...

திருவான்மியூர் அக்கா:
மாமா, அவர் யோசனை கேட்கவே இல்லையே! கோனில் ஏற்றுவதெல்லாம் பன்னுக்குச் சரி. மஃபினில் ஜாமும் மாவும் சேர்ந்து வெந்து, ஓரம் கொஞ்சம் அல்வா பதத்துக்கு வரும் பாருங்கள், அந்த ருசி அதில் கிடைக்காது.

என் கதை வேறு. அண்ணன் மகள் வந்திருந்தாள். மேலே தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கடித்துவிட்டாள். உள்ளே ஜாம் கொதித்துக்கொண்டிருக்கிறது! அது தொண்டையில் இறங்கவும் இல்லை, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சுடுகிறது. அழவில்லை. வாயைத் திறந்துவைத்து ஹா ஹா என்று ஊதிக்கொண்டே இன்னொரு கையால் அடுத்ததை எடுத்தாள். நான் தட்டைப் பிடுங்க, அவள் விடாமல் இழுக்க, அண்ணி வேறு என்னை முறைக்கிறாள்.

மாம்பலம் மாமா:
சுடத்தானே செய்யும். விதிப்படி ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அதில் பெரும்பாலும் சர்க்கரைதான். தண்ணீர் கொதிக்கிற 100 டிகிரியைத் தாண்டி 104, 105 போனால்தான் ஜாம் பதமே வரும். வாய் சுட்டால் பச்சைத் தண்ணீரைக் கொப்பளிக்க வையுங்கள், ஐஸ் வேண்டாம்.

வேளச்சேரி பேக்கர்:
மாமா, கோனில் ஏற்றினால் பேப்பரில் ஒட்டாது, சரி. மறுநாளைக்கு உள்ளே நசநசக்காதா? என் ஆர்டர் எல்லாம் முந்தின ராத்திரியே தயாராகிவிடும்.

மாம்பலம் மாமா:
கொஞ்சம் ஊறத்தான் செய்யும். காலையில் ஏற்றிக் கொடுங்கள்.

வேளச்சேரி பேக்கர்:
காலையில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது யார், நீங்களா?

பெரம்பூர்வாசி:
அது இருக்கட்டும், கீசரைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

மாம்பலம் மாமா:
ஓடிஜிக்குத் தனி லைன் இழுங்கள், 16 ஆம்ப் பிளக். எலக்ட்ரீஷியன் வரும்போது அப்படியே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.