ஃபங்ஷன் எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளந்து பாத்த அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

பைத்தான்ல வேலை பாக்குறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், கோட் ஸ்லோவா இருக்குன்னா முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் கை வைங்க. எங்க டீம்ல ராத்திரி ஓடுற ஒரு ரிப்போர்ட் ஜாப் நாளுக்கு நாள் இழுத்துக்கிட்டே போச்சு, எல்லாரும் டேட்டாபேஸ் மேலயே பழியப் போட்டாங்க, இன்டெக்ஸ் போடணும் சர்வர மாத்தணும்னு மீட்டிங் மேல மீட்டிங். நான் பெரிய ப்ரொஃபைலர் (எந்த இடத்துல நேரம் போகுதுன்னு காட்டுற கருவி) எதையும் தேடிப் போகல. ஃபங்ஷன் தலைக்கு மேல ஒரு வரி டெக்கரேட்டர் (ஃபங்ஷன சுத்தி கூடுதல் வேலை சேக்குற குறி) போடுற மாதிரி சின்ன டைமர் லைப்ரரி, தொறந்து பாத்தா மொத்த கோடும் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிடும், ஆரம்பத்துல பெர்ஃப் கவுண்டர் (பைத்தானோட துல்லியமான கடிகாரம்) ஒரு தடவ, முடியும்போது ஒரு தடவ, கழிச்சு லாக்ல எழுதும், அவ்ளோதான்.

க்வெரி, பார்சிங், எக்செல் எழுதுறதுன்னு மூணு இடத்துல போட்டேன். க்வெரி சட்டுனு முடிஞ்சிடுச்சு. நேரத்த தின்னது தேதிய படிக்கிற ஃபங்ஷன்! ஒவ்வொரு வரிக்கும் ஸ்ட்ரிப்டைம் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, அது பைத்தான்லயே எழுதினது, உள்ள ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்த தேடுற சூத்திரம்) வச்சு ஃபார்மட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். எங்களுக்கு வர்ற தேதியோ எப்பவும் 2023-04-17 மாதிரி ஒரே வடிவம், அதுக்குன்னே பைத்தான் 3.7லேர்ந்து ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் இருக்கு, சி-ல எழுதினது, பறக்கும். ஒரு வரி மாத்தினதுல ஜாப் பழையபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு, டேட்டாபேஸ யாரும் தொடவே இல்ல.

*

அருமை ப்ரோ. எனக்கு நடந்தது அசிங்க் கோட்ல, அதாவது ஒண்ணு காத்திருக்குற நேரத்துல வேற வேலை ஓட விடுற கோட். வெளி ஏபிஐய கூப்பிடுற ஒரு ஃபங்ஷன், கண்ணு முன்னாடியே திணறுது, ஆனா டெக்கரேட்டர் லாக்ல பூஜ்யம் பக்கத்துல காட்டுது. காரணம் இதுதான், அசிங்க் ஃபங்ஷன கூப்பிட்டா வேலை நடக்காது, கொரூட்டின் ஆப்ஜெக்ட் (இனிமேதான் ஓடப்போற வேலை) ஒண்ணு மட்டும் கைக்கு வரும், டைமர் அத செய்யுற நேரத்த அளந்துட்டு வந்துடுது. ரேப்பரும் (டெக்கரேட்டர் சுத்தி வைக்கிற ஃபங்ஷன்) அசிங்க்கா இருந்து உள்ள அவெய்ட் பண்ணணும், அதாவது வேலை முடியுறவரைக்கும் காத்திருக்கணும். மதிப்ப ஒண்ணொண்ணா கேக்கும்போது குடுக்குற ஜெனரேட்டருக்கும் இதே கததான். லைப்ரரி எடுக்குறதுக்கு முன்னாடி அசிங்க் தெரியுமான்னு சோர்ஸ்ல ஒரு கண்ணு ஓட்டிடுங்க, சின்ன லைப்ரரியோட பெரிய நன்மையே அதுதானே, சோர்ஸ முழுசா படிச்சிடலாம்.

*

எந்தக் கடிகாரத்த வச்சு அளக்குதுன்னும் பாருங்க. டைம்.டைம் வச்சு கழிக்கிற லைப்ரரி இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அது சுவர்க் கடிகாரம், என்டிபி (நெட்வொர்க் வழியா கடிகாரத்த சரி பண்ணுற முறை) வந்து நேரத்த சரி பண்ணினா பின்னாடிகூட போகும். பைத்தான் 3.13க்கு முன்னாடி விண்டோஸ்ல கிட்டத்தட்ட 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவதான் அது நகரும், சின்ன ஃபங்ஷன் எல்லாம் பூஜ்யம்னு வரும். 2012ல வந்த பைத்தான் 3.3லயே பின்னாடி போகாத கடிகாரங்களா பெர்ஃப் கவுண்டரும் மோனோடானிக்கும் குடுத்துட்டாங்க.

இது சும்மா ஏட்டுக்கத இல்ல. 2017 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவுல லீப் செகண்ட் (பூமியோட சுழற்சிக்கு ஏத்தாப்ல கூட்டுற ஒரு செகண்ட்) சேத்தப்போ க்ளவுட்ஃப்ளேர்ங்கிற இன்டர்நெட் கம்பெனியோட டிஎன்எஸ் (வெப்சைட் பேர முகவரியா மாத்துற) சர்வர்கள்ல ஒரு பகுதி விழுந்துச்சு. கோ மொழியில எழுதின சாஃப்ட்வேர், ரிசால்வர் (அந்த முகவரிய தேடிக் குடுக்குற சர்வர்) பதில் சொல்ல எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளந்துக்கிட்டு இருந்துச்சு, முடிவு நேரம் ஆரம்ப நேரத்த விட சின்னதா வந்து கழிச்சா மைனஸ், அந்த மைனஸ் எண் ரேண்டம் ஃபங்ஷனுக்குப் போனதும் பேனிக், அதாவது ப்ரோக்ராம் கிராஷ். அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்த கோ 1.9ல டைம்.நவ் கூடவே மோனோடானிக் கடிகாரத்தையும் சேத்து வச்சிட்டாங்க.

*

ரிகர்சிவ் ஃபங்ஷன் (தன்னையே கூப்பிடுறது) மேல டெக்கரேட்டர போட்டுடாதீங்க, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் ஒரு வரி வந்து லாக் நிரம்பிடும், வெளிய ஒரு ஃபங்ஷன் வச்சு அதுக்கு மேல போடுங்க.

*

ஒரு சந்தேகம், ப்ராசஸ் டைம் வச்சு அளந்தா பெர்ஃப் கவுண்டர விட ரொம்பக் கம்மியா வருதே, எது சரி?

*

ரெண்டும் சரிதான் தம்பி, கேள்விதான் வேற. ப்ராசஸ் டைம் சிபியு உழைச்ச நேரத்த மட்டும் கணக்குல எடுக்கும், ஸ்லீப், நெட்வொர்க்குக்கு காத்திருந்தது எதுவும் சேராது. ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி தெரிஞ்சா உங்க ஃபங்ஷன் பெரும்பாலும் எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம், அங்க அல்காரிதத்த மாத்தி பிரயோஜனம் இல்ல.

அப்புறம் ரெண்டு வரி ஃபங்ஷன அளக்க டெக்கரேட்டர் வேண்டாம், டெக்கரேட்டரோட சொந்தச் செலவே அத விட அதிகமா போயிடும். அதுக்கு பைத்தான் கூடவே டைம்இட்ன்னு ஒரு கருவி வருது, சும்மா விட்டா 10 லட்சம் தடவ ஓட்டும், கார்பேஜ் கலெக்டரையும் (வேண்டாத மெமரிய சுத்தம் பண்ணுறது) அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்கும். அதோட ரிபீட் போட்டு பல தடவ அளந்து வர்ற எண்கள்ல சராசரி எடுக்காதீங்க, இருக்குறதுல சின்னத எடுங்க, மத்ததுல எல்லாம் மெஷின்ல ஓடுற வேற வேலையோட இடைஞ்சல் கலந்திருக்கும். உங்க கோட்ல அந்தக் காத்திருக்குற இடம் எதுன்னு கண்டுபிடிச்சா இங்கயே போடுங்க, பாப்போம்.