மெட்டுக்குப் பாட்டெழுத எப்படிப் பழகுவது?

பொகவந்தலாவையிலிருந்து கேள்வி:
ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டேன், கவிதை எழுதுவேன். நா. முத்துக்குமார் போலப் பாட்டெழுத ஆசை. அவர் எப்படி சினிமாவுக்குள் வந்தார்? நான் எங்கே தொடங்க?

அட்டன் அக்கா:
தம்பி, காஞ்சிபுரத்துக்காரரான அவர் சென்னைக்கு வந்தது படம் இயக்க. பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்தார் (பாலு மகேந்திரா நம் மட்டக்களப்பில் பிறந்தவர்). பாட்டு அப்புறம்தான். 'தங்க மீன்கள்', 'சைவம்' பாட்டுகளுக்கு அடுத்தடுத்து தேசிய விருது. முத்துக்குமார் 2016இல், 41 வயதில் போய்விட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பதுளை அண்ணா:
தம்பி, சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். 'தன்னானே தானே' என்று பாடிக் கொடுப்பார்கள், சொல் அதில் உட்கார வேண்டும். மெட்டு நீளும் இடத்தில் குறில் வைத்தால், பாடுகிறவர் இழுத்து 'மலை'யை 'மாலை' ஆக்கிவிடுவார். உங்கள் தோட்டத்துக் காமன் கூத்து (காமன், ரதி கதையை ஆடிப்பாடும் கூத்து) மெட்டு ஒன்றை எடுத்து, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தைப் பற்றி நாலு வரி எழுது. வாய்விட்டுப் பாடிப் பார்த்துத் திருத்து.

கேட்டவர்:
சரி அண்ணா. தப்படிக்கும் மாமாவிடம் மெட்டுக் கேட்டு, எழுதி இங்கேயே போடுகிறேன்.